எங்கள் தெருவின் ஓட்டு

அப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார், ஷீபா. என்னால் திறக்க முடியவில்லை. தெருவுக்குள் சிறுத்தை வந்ததும் நகராட்சி ஆபீஸிலிருந்தே பட்டனை அழுத்தி எல்லா வீட்டுக் கதவையும் பூட்டிவிட்டது. போன வருஷம் எங்கள் தெருக்காரர்கள்தான் கூட்டமாகப் போய் இந்தப் பூட்டைக் கேட்டு வாங்கினோம். ஒரு வீட்டைத் திறக்கவும் தெருவில் பாதிக்கு மேல் வீடுகள் போனில் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். அதுவும் நாங்கள் கேட்டதுதான்.

“பாப்பா, லாட்ஜ் மாமாகிட்ட கெஞ்சிக் கேளு!” என்று அப்பா கத்தினார்.

எங்கள் தெருவில் லாட்ஜ் நடத்தும் அவருக்குப் போன் போட்டு, ‘சரி’ என்று ஓட்டுப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“ரூம் பூரா டூரிஸ்ட்டும்மா, ரிஸ்க் எடுக்க முடியாது. உங்கப்பா ஜீப்புக்குள்ள ஏறிக்கலாம்ல?” என்றார் அவர். அப்பாவின் ஜீப்போ தூரத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றது.

கடைசியில் ஒரே ஒரு ஓட்டுதான் குறைந்தது. ‘வேண்டாம்’ போட்டது யார் யாரென்று போனில் வந்த பட்டியலைப் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டு நம்பருக்கு நேராகவே ‘வேண்டாம்’ என்று இருந்தது.

அம்மா தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். “கைக்குழந்தை இருக்குடி,” என்றாள்.

“மாத்தி அழுத்தும்மா!”

“ஒரு தடவதான் அழுத்த முடியும்.”

அப்புறம் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

எந்த வீடு என்ன ஓட்டுப் போட்டது என்பது தெருவில் எல்லார் போனுக்கும் வரும், ஷீபா. அப்பா போனுக்கும் வந்திருக்கும். அவர் அதைப் பார்த்திருப்பாரா?