இரண்டாம் பாகம்

"நாவல் அவ்வளவு நல்லா இருக்கு. காசு கொடுத்து வாங்கின மின்நூல், நம்ம குரூப்ல போட்டிருக்கேன். எல்லாரும் படிங்க," என்றாள் ஷர்மிஷ்டா. கொல்கத்தா வங்கிக் கிளையில் மதியச் சாப்பாட்டு நேரம்.

"உங்க ஒருத்தருக்குத்தானே வித்தாங்க, ஷர்மிஷ்டா தீதி? இப்படிக் கொடுக்கிறது சட்டப்படி தப்பு," என்றாள் பியாலி.

"அச்சுப் புத்தகத்தை இரவல் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாதா? உன் சொத்தா கரையுது?"

எல்லோரும் சிரித்தார்கள். பியாலி தலைகுனிந்து லுச்சிப் பூரியைப் பிட்டாள்.

மூன்றே மாதத்தில் நாவல் பத்துக் கிளைகளைச் சுற்றியது. படித்து அழுதவர்கள் ஷர்மிஷ்டாவுக்கு நன்றி சொன்னார்கள்.

"இரண்டாம் பாகம் வரட்டும். அதையும் வாங்கி அனுப்புறேன்," என்றாள் அவள் ஒருநாள்.

"வராது," என்றாள் பியாலி.

"உனக்கெப்படித் தெரியும்?"

பியாலி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். வீட்டாருக்குப் பயந்து புனைபெயரில் அவள் எழுதிய முதல் நாவல் அது. இதுவரை இரண்டு பிரதிகளே விற்றதால் அடுத்த பாகத்தை வெளியிட இயலாது என்று பதிப்பகம் அன்று காலைதான் எழுதியிருந்தது.

அந்த இரண்டில் ஒன்றை வாங்கியவள் பியாலியேதான்.