ஒற்றை நட்சத்திரம்

“துக்க வீட்டில் நட்சத்திரமா?”

சித்ரகலா வாசலிலேயே நின்றுவிட்டாள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இவ்வாண்டுதான் அவள் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். பெருமாநல்லூர்ச் சாலையில், பனியன் கம்பெனிக்குப் பின்புறம் இருந்த அந்த லைன் வீடுகளுக்குள் அவள் காலடி வைப்பது அதுவே முதல் தடவை.

ஒரே அச்சில் வார்த்தெடுத்தாற்போன்ற வீடுகள். ஒரே நீலக் கதவு, ஒரே ஓட்டுச் சாய்ப்பு. மார்கழிப் பனியும் சாயப்பட்டறையின் பாய்லர்ப் புகையும் ஒன்றாய்க் கலந்து, அவ்வீடுகள் தரையில் நிற்கின்றனவா, அந்தரத்தில் மிதக்கின்றனவா என்று ஐயுறும்படி அந்தி கவிந்திருந்தது. அந்த வெண்மைக்குள் ஒரே ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தது.

அது தொங்கியது வேலாத்தாளின் வீட்டுச் சாய்ப்பில். தன் ஒரே மகன் பிரபாகரை ஆடி மாதத்தில்தான் அவள் விபத்தொன்றில் பறிகொடுத்திருந்தாள்.

“தோத்திரமுங்க அம்முணி. வாங்க, உக்காருங்க.”

“தோத்திரமுங்க்கா. தப்பா நெனைச்சுக்காதீங்க. வருசம் திரும்பறதுக்குள்ள ஸ்டார் கட்டியிருக்கீங்களே, சனங்க என்ன பேசுவாங்க?”

“பேசுனாப் பேசட்டுமுங்க.” வேலாத்தாள் நிமிர்ந்து அந்தச் சிவப்பொளியைப் பார்த்தாள். “அவரு வரோணுமுங்க. வழி தெரியோணுமில்லீங்களா?”

சித்ரகலாவுக்குச் சுருக்கென்றது.

“ஆண்டவருக்கு நாம வழி காட்டோணுமாக்கா? அவருக்குத் தெரியாத வழியா?”

வேலாத்தாள் ஒரு கணம் விழித்தாள். பின்னர், “அதுஞ் சரிதானுங்க” என்று சொல்லிவிட்டு, காப்பி வைக்க உள்ளே போனாள்.

காப்பி குடித்து முடித்ததும் சித்ரகலா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். வேலாத்தாளின் வீட்டைத் தவிர, அவ்வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் சபையைச் சேர்ந்தவை. அம்மூன்றிலும் நட்சத்திரம் இல்லை என்று கேள்விப்பட்டு, தன் செலவிலேயே வாங்கிப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

அயர்ன் மாஸ்டர் மாரப்பன் வாசற்படியில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

“வேண்டாமுங்க.”

“ஏனுங்க?”

“ஸ்டாரு கட்டுனாப் பூச்சி வருதுங்க.”

“வேலாத்தாக்கா ஊட்டுக்கு வராத பூச்சியா?”

மாரப்பன் சற்று யோசித்தான். “எங்கூட்டுப் பூச்சி வேறங்க.”

அதற்கடுத்த வீட்டில் மருதாள். “எங்கூட்டு ஸ்டாரை எலி கடிச்சுப் போட்டுதுங்க.”

“அதுக்குத்தான் புதுசு கொண்டாந்திருக்கேன்.”

“இதையுங் கடிக்குமுங்க” என்றாள் மருதாள், வேலாத்தாளின் கதவை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

வரிசையின் கடைசி வீட்டை அடைந்தபோது சித்ரகலாவின் பொறுமை முற்றிலும் கரைந்திருந்தது. ஓவர்லாக் டெய்லர் தமிழ்மதி அப்பொழுதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். தலைமயிரில் பஞ்சுத் துகள் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

“நீயும் வேண்டாம்னுதான் சொல்லுவே?”

“ஆமாங்க்கா.”

“எல்லாமே தலைகீழா இருக்குது இங்க. துக்க ஊட்ல அலங்காரம். நல்லா இருக்கற ஊட்ல எல்லாம் இருட்டு. ரட்சகர் பொறக்கறாருன்னு ஒரு நெனப்பு வேண்டாம்? முதல்ல நானே போயி அதைக் கழட்டிட்டு வர்றேன். அப்புறம் உங்க மூணு பேரு ஊட்லயும் நானே கட்டறேன்.”

அவள் திரும்பினாள். தமிழ்மதி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்க்கா, அக்காளுக்குக் கேட்டுரும். செத்த நேரம் பொறுங்க. அங்க பாருங்க.”

பனிக்குள்ளிருந்து முதலில் செருப்பொலிதான் வந்தது. அதன் பின்னரே உருவம் வந்தது. வேலாத்தாளின் கணவர் கன்னையன்.

அவர் தெருவைப் பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் நிற்பதையும் பார்க்கவில்லை. முகத்தை உயர்த்தி, ஒவ்வொரு வீட்டின் சாய்ப்பையும் பார்த்துப் பார்த்து நடந்தார். தமிழ்மதியின் வீட்டெதிரில் நின்றார், மேலே ஒன்றுமில்லை, நகர்ந்தார். மருதாளின் வீட்டெதிரிலும் நின்று நகர்ந்தார். மாரப்பன் பூண்டை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் பார்த்திருந்தான். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

சிவப்பொளியின் கீழ் வந்ததும் அவர் முகம் தெளிந்தது. செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார்.

“என்ன கொழம்பு?” என்று அவருடைய குரல் கேட்டது.

தமிழ்மதி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“பையனைப் பொதைச்சதுலருந்து காலு போன பக்கம் போயிருவாருங்க. திரும்பி வர ஊடு தெரியாது. அக்கா அழுதுட்டே தேடுவாங்க. டிசம்பர் பொறந்து அந்த ஸ்டாரைக் கட்டுன பொறகுதான் தன்னால வர்றாரு. இந்த வாரந்தானுங்க வாயத் தொறந்து பேசறாரு.”

சித்ரகலாவுக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. “அப்ப, ‘அவரு வரோணும்’னு அக்கா சொன்னது?”

“மாமாவத்தானுங்க. கட்டுனவரு பேரை அவங்க எந்தக் காலத்துல சொன்னாங்க?”

சித்ரகலா கையிலிருந்த பையைப் பார்த்தாள். ஆயினும் ஒன்று அவளுக்கு விளங்கவில்லை.

“அது சரி, தமிழு. அக்கா கட்டட்டும். நீங்க மூணு பேரும் கட்டறதுக்கு என்ன? பூச்சி, எலின்னு எதுக்குப் பொய் சொல்றீங்க?”

“அக்காகிட்டச் சொல்லிராதீங்க்கா. தெரிஞ்சா, நம்மளால இவங்க பண்டிகை இருட்டாக் கெடக்குதேன்னு அவங்களே கழட்டிருவாங்க.”

“என்ன தெரிஞ்சா?”

தமிழ்மதி, எந்த வேறுபாடுமற்று நீண்டு கிடந்த அந்த நீலக் கதவுகளைக் காட்டினாள்.

“எல்லா ஊட்லயும் ஸ்டாரு எரிஞ்சா, மாமா எந்தூட்டுக்குப் போவாருங்க?”