ஒரு எழுத்து மாறாமல்

"பொய்! பச்சைப் பொய்!" என்று பல்லைக் கடித்தார் துர்ஹான்.

"மெதுவாங்க, காதுல விழப்போகுது" என்றாள் மனைவி குல்சும்.

எப்படி மெதுவாகப் பேசுவது? தங்கை மகள் பெங்குவைப் பெண் கேட்க, இங்கிலாந்திலிருந்து பையன் ஓவனும் அவன் அப்பா கிளைவும் துருக்கியின் உஸ்குதாருக்கு வந்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக ஆங்கிலம் நடத்தும் தாய்மாமன் இங்கே குத்துக்கல்லாக இருக்கிறார். நானூறு ஆங்கில மரபுத்தொடர்களைத் துருக்கிய மொழியில் பெயர்த்துப் புத்தகமே போட்டவர். அவரைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? மாடிவீட்டு நில்கூனை! சுற்றுலாக்காரர்களுக்கு மசூதி காட்டுகிறவளை!

கிளைவ் காப்பியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "இது என் கோப்பைத் தேநீர் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நில்கூன் சிரித்தபடி சொன்னாள்: "காப்பி போட்ட கைக்கு ஆரோக்கியம் கிடைக்கட்டும்ங்கறார்."

பெங்குவின் அப்பா ராசிம் தலையாட்டினார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்பதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. 'மரியாதையில ஒரு குண்டுமணி குறைஞ்சாலும், குடிச்ச காப்பியோட அனுப்பி வெச்சிடுவேன்' என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"பையன் எப்படி?" என்று கேட்டார் ராசிம்.

"எங்கள் குடும்பத்துக் கறுப்பு ஆடு" என்றார் கிளைவ்.

"வீட்டுலயே இவர் ஒருத்தர்தான் தனி ரகமாம்" என்றாள் நில்கூன்.

துர்ஹானுக்கு ரத்தம் கொதித்தது. குடும்பத்தின் பேரைக் கெடுக்கிற பிள்ளை என்றல்லவா அர்த்தம்! ஆடு எங்கே, ரகம் எங்கே?

கிளைவ் விடவில்லை. "பழகி நாலே மாதம். மூட்டையைத் திறந்து பார்க்காமல் பன்றி வாங்குகிற மாதிரி இல்லையா இது?"

ஆங்கிலம் தெரிந்த பெங்குவின் முகம் வெளுத்தது. நில்கூன் ராசிம் பக்கம் திரும்பினாள்.

"நாலே மாசத்துல கூடி வந்திருக்கு, எல்லாம் மேல இருக்கறவன் எழுதினதுங்கறார்."

துர்ஹான் துள்ளி எழுந்தார். "நிறுத்தும்மா! அவர் சொன்னது இது இல்ல!"

ராசிம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பின்ன என்ன சொன்னார், மச்சான்?"

வேண்டாம் மாமா என்று பெங்குவின் கண் கெஞ்சியது. துர்ஹான் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

"ஏங்க, அடுப்புல காப்பி பொங்குது. ஒரு கை குடுங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தாள் குல்சும்.

"இதோ வந்து சொல்றேன், ராசிம். ஒரு எழுத்து மாறாம சொல்றேன்!"

சமையலறைக் கதவைச் சாத்தியதும் வெடித்தார். "நம்ம பொண்ணை மூட்டையில கட்டின சரக்குங்கறான் அந்த ஆளு! இவ அதுல தேனைத் தடவிப் பரிமாறுறா! மொழிபெயர்ப்புன்னா ஒரு நேர்மை வேண்டாமா? பொண்ணைப் பெத்தவனை உட்காரவெச்சு ஏமாத்தறது துரோகம் இல்லையா?"

அடுப்பில் எதுவும் பொங்கவில்லை. குல்சும் நிதானமாகக் கேட்டாள்.

"உங்கப்பா என்னைப் பெண் கேட்க வந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"உங்க ஊர்ப் பொண்ணை நீங்க வேணாம்னுட்டீங்கங்கற கோபத்துல, துருக்கி மொழி தெரிஞ்சும் உங்க ஊர் லாஸ் மொழியிலயே பேசினார். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அது புரியாது. நீங்கதான் எங்கப்பாவுக்கு மொழிபெயர்த்தீங்க."

துர்ஹான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'காப்பி கழனித்தண்ணி. பொண்ணு விறகுக்குச்சி. இவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, கேட்டுத் தொலைக்கிறேன்.' இதுதானே அவர் சொன்னது? கல்யாணமான மறுவருஷமே உங்கம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க."

"முப்பத்தோரு வருஷமா இது தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதை எங்கப்பாகிட்ட நீங்க எப்படிச் சொன்னீங்கன்னும் தெரியும்."

குல்சும் கதவைத் திறந்துவிட்டாள்.

கூடத்தில், மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்க வழக்கப்படி பெங்கு உப்பு அள்ளிப் போட்டிருந்த காப்பியை முகம் சுளிக்காமல் குடித்து முடித்திருந்தான் ஓவன். இனி அவனுடைய அப்பா வாய் திறந்து பெண் கேட்க வேண்டும். கிளைவ் மகனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி, தோட்டாவைக் கடித்துத்தான் ஆகவேண்டும்."

கசப்புதான், சகித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். துர்ஹான் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாவது தொடர்.

நில்கூன் துர்ஹானைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பெங்கு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க, மச்சான்" என்றார் ராசிம். குரலில் சூடு குறையவில்லை. "ஒரு எழுத்து மாறக்கூடாது."

துர்ஹான் நிமிர்ந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அல்லாஹ்வோட கட்டளைப்படி, நபியோட சொல்படி, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேக்கறேன். காலம் பூரா எங்க தலைக்குக் கிரீடமா வெச்சுப்போம்... அப்படீங்கறார்."

ராசிமுக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்ன ஏதோ வேற சொன்னார்னீங்களே?"

"எனக்குத்தான் காது சரியில்ல."

"அப்ப, கொடுத்தேன்!"

கைதட்டலுக்கு நடுவில், சமையலறை வாசலில் நின்ற குல்சும் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னிக்கு எங்கப்பாகிட்ட சொன்னதேதான். ஒரு எழுத்து மாறல."