கைப்பிடி

சுரங்கத்தில் இரண்டு மணிச் சங்கு ஊதியபோது அவள் பாதி வழியில்தான் இருந்தாள்.

நின்றுவிட்டாள். தலைக்கு மேலே ஓடிய கம்பியைப் பார்த்தாள்.

கம்பி நேற்றுப் போலவே இருந்தது. அதில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

மறுபடியும் தண்டவாளத்தை ஒட்டி ஓடினாள்.

டவுன் டீக்கடைகளுக்குக் கரி போட்டுவிட்டு வெறும் சாக்கோடு திரும்பியவளைச் சற்றுமுன் ரயில்வே கேட்டில் மறித்தது பூவராகன். லைனில் வேலை பார்க்கிறவன்.

"சங்கு ஊதுனதும் கம்பியில கரண்ட்டு வுடுறான். காலையிலேர்ந்து ஆட்டோவுல கத்திக்கினு போறான், நீ எந்த ஊர்ல இருந்த? உன் ஊட்டுக்காரன் எங்கம்மா?"

அவள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். எங்கே என்று அவனுக்கும் தெரியும்.

வளைவில். கரி ஏற்றி வருகிற வண்டி சிக்னலுக்கு நிற்கிற இடத்தில். பெட்டியின் மேல்.

முன்பு அது முந்திரித் தோப்பு. மாமனார் வைத்த மரங்கள். தண்டவாளம் போட வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அந்த வேலைக்குக் காத்திருந்தே மாமனார் செத்துப்போனார்.

தோப்பின் மேல் கரி என்ஜின் போனது. பிறகு டீசல் என்ஜின் போனது. மகன் தனகோட்டி பெட்டி மேல் ஏறிக் கரியைத் தள்ளினான். மருமகள் கீழே நின்று பொறுக்கினாள்.

அந்த வீட்டில் யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை.

மாசியில் மின்சார என்ஜினுக்குக் கம்பி கட்டினார்கள். கட்டியதோடு சரி. இத்தனை மாதமும் அது வெறும் கம்பி. கரிக் குவியலில் கால் சறுக்கினால் தனகோட்டி எட்டி அதைப் பிடித்துக்கொள்வான்.

"நமக்குன்னே கைப்பிடி கட்டிக் குடுத்திருக்கான் பாரு" என்று மேலிருந்து சிரிப்பான்.

வளைவு வந்தது.

வண்டி நின்றுகொண்டிருந்தது. என்ஜின் எங்கோ முன்னால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில்.

அவன் தெரிந்தான். குனிந்து, காலால் கரியைத் தள்ளிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம்.

கத்த வாயைத் திறந்தாள்.

சத்தம் வருவதற்குள் மூடிக்கொண்டாள்.

கத்தினால் போலீஸ். கையை வீசினாலும் போலீஸ். இருவரும் பேசிவைத்தது. அவள் கத்தல் கேட்டால் அவன் என்ன ஏது என்று பார்க்க மாட்டான். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டி விட்டுப் பெட்டி தாண்டிப் போய் அந்தப் பக்கம் குதித்துவிடுவான்.

அப்படித்தான் இதுவரை தப்பியிருக்கிறான்.

ஓடுவதை நிறுத்தினாள்.

நடந்தாள். தினமும் நடக்கிற நடை.

மூச்சு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுத்தாள். ஜல்லியில் நாலு கல்லைப் பொறுக்கி அதில் போட்டு முடிந்தாள். அவள் சோறு கட்டி வருவதும் அந்தத் துணியில்தான். பெட்டி மேல் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டு அவன் அதை வாங்கிக்கொள்வான்.

இன்னும் மூன்று பெட்டி.

இரண்டு.

ஒரு கல் அவள் காலடியிலிருந்து உருண்டது.

அவன் சட்டென்று நிமிர்ந்து திரும்பினான். அவன் காலடியில் கரி சரிந்தது. வலது கை தானாக மேலே எழும்பத் தொடங்கியது.

அவள் துணி முடிச்சைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.

சிரித்தாள்.

"சோறு கொண்டாந்திருக்கேன். குனிஞ்சு வாங்கிக்கய்யா."