அட்டை போட்ட கப்பல்

கப்பலின் வால் வரலாறு நோட்டில் கிடைத்தது. வயிறு அறிவியல் நோட்டில் இருந்தது. மூக்கை மட்டும் காணோம்.

ஜெயகிருஷ்ணன் மகளின் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். கடற்படைக்குக் கப்பல் கட்டும் கம்பெனியிலிருந்து, கோவில்பட்டியில் இருக்கும் அவனுடைய லேத் பட்டறைக்கு வந்த முதல் வேலை அது. கரையில் முட்டி நின்று, மூக்குக் கதவைத் திறந்து, டாங்கிகளை இறக்கிவிடும் கப்பல். அந்தக் கதவை இழுத்து மூடும் தண்டு ஒன்றைக் கடைந்து அனுப்பியிருந்தான்.

கூடவே வந்த படத்தில் 'ரகசியம்' என்று முத்திரை இருந்தது. யார் கண்ணிலாவது காட்டினால் ஜெயில் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

"ஏட்டி, சீல் குத்தினது உன் கண்ணுல படலையா?"

"நான் என்னத்தக் கண்டேன்? பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, பிள்ளை நோட்டுக்கு அட்டை வேண்டாமா? தாளு நல்லா மொத்தமா கிடந்துச்சு" என்றாள் மனைவி வெள்ளைத்தாய், அழாக்குறையாக.

"கணக்கு நோட்டைத் திருத்துததுக்கு டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்காங்கப்பா" என்றாள் மகள் முத்துசெல்வி.

வெள்ளைத்தாய் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

கம்பெனி அதிகாரி சுந்தரபாண்டி உட்காரவே இல்லை. "உங்க தண்டு பொருந்தலை. கதவு மூடலை, தண்ணி உள்ள வருது. மூணு பட்டறையில செஞ்சாச்சு, எதுவும் சரியில்ல. படத்தை எடுங்க, ஒத்துப் பாக்கணும்."

வேலையும் தப்பு, படமும் துண்டு. ஜெயகிருஷ்ணன் இருந்த இரண்டு நோட்டையும் மேசையில் வைத்தான்.

மூச்சிரைக்க வந்த வெள்ளைத்தாய் கணக்கு நோட்டை நீட்டினாள். அட்டையில் கப்பலின் மூக்கு இருந்தது. போதாததற்கு, அதிலிருந்த துண்டு அளவுகளுக்கு அடியில், மொத்த நீளத்தின்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'தவறு. கவனம் தேவை!'

அதிகாரி மூன்று அட்டைகளையும் மேசையில் சேர்த்து வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது யார் எழுத்து?"

"சொர்ணத்தாய் டீச்சர் சார். எண்ணைக் கண்டா அவியளுக்குக் கை நிக்காது. பிள்ளைதான் எழுதியிருக்கான்னு நெனச்சு..." ஜெயகிருஷ்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மூன்றாவது மனுஷி பார்த்துவிட்டாள் என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

அதிகாரி உதடு அசைய, மூக்குப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "நீங்க அடியில இருக்கிற மொத்த நீளத்துக்குத்தான கடைஞ்சீங்க?"

"ஆமா சார். படத்துல கண்டபடிதான். ஒரு நூலளவு கூடக் குறையல."

"ஜீப்புல ஏறுங்க."

வெள்ளைத்தாய் அவர் காலில் விழுந்துவிட்டாள். "கிழிச்சது நாந்தான் சார். அவியள விட்டுருங்க, என்னயக் கொண்டு போங்க!"

ஜெயகிருஷ்ணன் சட்டையை மாட்டிக்கொண்டான். "ஸ்டேஷனுக்கா சார்?"

"டீச்சர் வீட்டுக்கு. மூணு வருசமா எங்க இன்ஜினியருங்க ஒருத்தரும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாக்கலை."