மூன்று நாள் விழா

நிசாந்தினி கதவைத் திறந்ததும் குசினிக்குள் பேச்சு நின்றுபோனது. அம்மா சிவநாயகி அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். எதிரே இருந்த சண்முகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

நோர்வேயில் அவர்களுடைய அகதி வழக்குக்கு மொழிபெயர்க்க வந்தவர் அவர். இப்போது வீட்டில் வழக்குப் பேச்சே இல்லை. ஆள் மட்டும் வந்துகொண்டிருந்தார். இலங்கைச் சண்டையில் செத்துப்போன அப்பாவின் படத்துக்குக் கீழேயே இருந்து இருவரும் குசுகுசுப்பது பதினைந்து வயது நிசாந்தினிக்கு நெஞ்சை எரித்தது.

"உடுப்பு அடுக்கிட்டியே?" என்றாள் அம்மா.

"நான் போகேல்லை."

அவளுடைய பள்ளிக்கூட வாத்தியக் குழு, தெற்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூரின் இசை விழாவில் வாசிக்கப் புறப்பட இருந்தது. அவள் கிளாரினெட்டை எடுத்தாலே "பீப்பீயை வை" என்று கத்துகிறவள் அம்மா. இப்போது அனுப்புவதில் என்ன புது ஆசை?

"போகாட்டி என்னோடை கதையாதை!" அம்மா பாய்ந்துவந்து குளிர் ஜாக்கெட்டைக் கதவோரம் கிடந்த பெட்டிக்குள் திணித்தாள்.

"மூண்டு நாளுக்கு, அதுவும் ஜூன் மாசத்திலையோ?"

"அங்கை மழை பெய்யுமாம்."

"எனக்கு விளங்குதம்மா. நான் இல்லாட்டித்தானே உங்கள் ரெண்டு பேருக்கும் வசதி."

சண்முகலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார். அடி விழும் என்று நிசாந்தினி காத்து நின்றாள். அம்மா பெட்டியின் சிப்பை இழுத்து மூடினாள்.

"ஓம். அப்பிடியே நினைச்சுக்கொள்."

மறுநாள் காலை ஒஸ்லோ பஸ் நிலையத்துக்கு சண்முகலிங்கம்தான் இருவரையும் காரில் கொண்டுவந்து விட்டார். மற்றப் பிள்ளைகள் பெற்றோரைக் கட்டிப்பிடித்து விடைபெற, நிசாந்தினி திரும்பிப் பாராமல் படியேறினாள்.

அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"விழா முடிய, ஜெர்மனியிலை இருக்கிற பெரியம்மா அங்கை வந்து நிப்பா. அவவோடை போ."

"ஏன்? ஞாயிறு பஸ் திரும்பி வருதுதானே?"

சாரதி கதவை மூடப்போனார். அம்மா எக்கி அவள் காதோடு சொன்னாள்:

"வழக்குத் தோத்துப்போச்சு, பிள்ளை. ஊரிலை சமாதானமாம், எங்களைத் திருப்பிப் பிளேன் ஏத்தப் பொலிஸ் வருது. நான் போறன். நீ வராதை."