பன்னிரண்டாவது ஆள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நடுக்கம் இல்லை என்று அர்த்தம்.

அவள் தாளில் எழுதிக்கொண்டாள். நாற்பது நிமிடம். நடுக்கம் இல்லை.

அவர் போட்டிருப்பது பனியன் மாதிரி ஒரு சட்டை. அதற்குள் மெல்லிய குழாய்களில் பதினாலு டிகிரித் தண்ணீர் ஓடுகிறது. மார்கழியில் மின்விசிறி வேண்டுமா வேண்டாமா என்று இருபத்திரண்டு வருடமாக அவளோடு சண்டை போடுகிற புருஷன் அதைப் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார். தேனிலவுக்கு ஊட்டி போனபோது குரங்குக் குல்லாவோடு போட்டோவுக்கு நின்ற ஆள். ஆல்பத்தில் எந்தப் படத்திலும் மாப்பிள்ளைக்குக் காது கிடையாது.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

காலையில் வர வேண்டியவருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சும்மா இருக்கட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பு இவர் கையெழுத்துப் போட்டது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. கந்த சஷ்டி விரதம், இவர் எப்படியும் வெறும் வயிறுதான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் முருகனுக்கு நன்றி சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. இன்று சொன்னாள்.

பன்னிரண்டு பேர் வேண்டும். பதினோரு பேர் முடிந்தாயிற்று. ஸ்கேன் எந்திரம் அவளுக்கு இன்று வரைதான்.

கொழுப்பில் பெரும்பாலானது சேர்த்து வைக்கிற ரகம். பழுப்புக் கொழுப்பு மட்டும் எரித்துச் சூடாக்குகிற ரகம். பிறந்த குழந்தைக்கு நிறைய இருக்கும். வளர்ந்தவர்களுக்குக் கழுத்தோரம் கொஞ்சம் மிச்சம். குளிரில், உடம்பு நடுங்காமலே, அது சத்தமில்லாமல் எரியும். வெயிலிலேயே வளர்ந்த நம்மவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது?

நான்கு வருடமாக அவளுக்கு இந்த ஒரே கேள்விதான்.

நடுங்கினால் கெட்டது. ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையைத் தசைகள் முந்திக்கொண்டு இழுத்துவிடும், படத்தில் கொழுப்பு சரியாகத் தெரியாது. நடுக்கம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். அவளே எழுதிய விதி.

ஸ்கேன் பிரிவு ஹெப்சிபா தலையை நீட்டினாள்.

"மேடம், ஊசி மருந்து வந்துருச்சு. ரெண்டு மணி நேரத்துல வீரியம் பாதியாயிரும்."

"அறுபது நிமிஷம் ஆகட்டும்."

ஊசி போட்ட பிறகு அவர் இன்னும் ஒரு மணி நேரம் அந்தச் சட்டைக்குள் இருக்க வேண்டும்.

ஐம்பது.

மைக்கில் கேட்டாள். "நடுக்கம் இருக்குதுங்களா?"

கட்டைவிரல்.

இந்த முறை கை போன வேகத்தில் திரும்பி வந்தது. வந்த கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். இன்னொரு கை ஏற்கனவே அங்கேதான் இருந்தது.

பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சிறுநீரகக் கல்லோடு மகளின் பள்ளி ஆண்டு விழாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாரே, அந்தச் சிரிப்பு. அன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை. மகள் மேடையேறிப் பரிசு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஹெப்சிபா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மனிதர் கையைத் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கழுத்தோரம் கொஞ்சமாவது தெரியும். பன்னிரண்டு என்று எழுதிவிடலாம்.

ஐம்பத்திரண்டு.

ஐம்பத்து நான்கு.

அவர் உதட்டில் நிறமே இல்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் கண் கலங்கிவிட்டது.

தண்ணீரை நிறுத்தினாள்.

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினாள். கைகளை வெளியே எடுத்ததும் தோளிலிருந்து விரல் நுனி வரை ஆட ஆரம்பித்தது.

"எதுக்கு நிறுத்துன? இன்னும் ஒரு மணி நேரம் தாக்குப் புடிச்சிருப்பேன் கண்ணு."

பல் தந்தியடித்ததில் கண்ணு மூன்று துண்டாக வந்தது.

"வாய மூடுங்க."

கம்பளியைச் சுற்றினாள். கம்பளிக்கு மேல் தன் கையையும் சுற்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெப்சிபா நிற்பது தெரியும். நிற்கட்டும்.

"பன்னெண்டு ஆகலையே," என்றார் அவர். குரலில் குற்றம் செய்தவரின் தயக்கம்.

"கட்டுரைய பதினொண்ணுன்னே அனுப்பறேன். திருப்பி அனுப்பினா அனுப்பட்டும்."

கேன்டீனிலிருந்து சூடாகப் பால் வந்தது. விரதத்துக்குப் பால் சேரும்.

பாதியில் நின்ற சோதனைக்கு ஒரு படிவம் உண்டு. அவள் வெளியே வந்து மேசையில் வைத்து நிரப்பினாள்.

பங்கேற்பாளர் நிறுத்தச் சொன்னாரா? இல்லை.

நிறுத்துவதற்கு முன் நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்ததா? இல்லை.

கருவிக் கோளாறா? இல்லை.

காரணம் என்று ஒரு கோடு மிச்சம் இருந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

எழுதினாள். ஆய்வாளரால் தாங்க முடியவில்லை.

ஹெப்சிபா வாங்கிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"மேடம், இத கமிட்டி பாக்குமே."

"பாக்கட்டும்."

உள்ளே அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டு, சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.